இரண்டாவது ஆள்

உப்பளத்துக் கண்ணாயிரம் அண்ணன் போனில் கத்தினால் பாதிதான் உண்மை இருக்கும். கத்தாமல் பேசினால் முழுக்க உண்மை. அன்று காலை அவர் கத்தவில்லை.

“ஏம்மா மலரு, உங்க பொட்டி மோட்டார நிறுத்தவே இல்ல. தண்ணி ரொம்பி, வரப்ப ஒடச்சிக்கினு உப்பு வெளையற கடேசிப் பாத்தியில எல்லாம் பூந்துடுச்சி. இன்னிக்கு வார வேண்டிய உப்பு. மூணு பாத்தி கரைஞ்சி போச்சி. வந்து பாரு.”

“இதோ வர்றேண்ணா” என்று சொல்லி வைத்தேன். சித்திரை வெயிலில் விளைந்த மூன்று பாத்தி உப்பு அவருக்கும் அவரிடம் உப்பு வாருகிறவர்களுக்கும் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பயம் அதற்காக மட்டும் இல்லை. மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டிய அந்தப் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரரின் வேலை. அதே வேலை அன்று மாலை ஆறு மணிக்கு உலகம் முழுக்கப் போகவிருந்தது.

நானும் என் கணவர் ஜெயசீலனும் செய்வது ஒரு கணினி மொழி. பேர் நத்தை. புதுச்சேரியில் ஒன்றாகப் படித்த நாலைந்து பேர் தொடங்கியது. சின்னச் சின்னக் கருவிகளுக்குள், கொஞ்ச இடத்தில் குடித்தனம் நடத்துகிற மொழி என்பதால் அந்தப் பேர். மெதுவாக ஓடும் என்பதாலா என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்தும் கொள்வார்கள். நத்தை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். நத்தையில் நிரல் எழுதுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். நத்தையின் வயிற்றுக்குள்ளேயே கையை விட்டு வேலை பார்ப்பது எங்களைப் போல விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

ஜெயசீலன் பார்ப்பது கலெக்டர். ஜீப்பில் வருகிற கலெக்டர் இல்லை. ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் பொருட்களைப் போட்டுக்கொண்டே போகும். யாருக்கும் வேண்டாததாகிப் போனவற்றை வாரி எடுத்து இடத்தைக் காலி செய்யும் பகுதிக்குத்தான் அந்தப் பேர். பழைய கலெக்டர் வாருகிறபோதெல்லாம் மற்ற வேலை நின்று காத்திருக்கும். காக்க வைக்காமல் வாரும் புதிய ஒன்றை அவர் மூன்று வருஷமாக எழுதினார். சென்னை வேலையை விட்டார். மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் ரோட்டோரம் இந்த வாடகை வீட்டைப் பிடித்தார். பக்கத்து அனுமந்தையில் இருக்கும் அப்பா அம்மாவைக்கூட அமாவாசைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். நத்தையின் இந்த வருஷ வெளியீட்டில் அது சேர்ந்துவிட்டால் போதும், அதற்குக் காசு தரக் காத்திருந்த கம்பெனிகள் இருந்தன. தவறினால் அடுத்த வெளியீடு ஒரு வருஷம் கழித்து. அதுவரை எங்கள் கையிருப்பு தாங்காது, அவர் சென்னைக்குத் திரும்பி ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார வேண்டியதுதான்.

நான் பார்ப்பது மடிப்பு. ஒரு பொருள் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்கிற முகவரியை முழுசாக எழுதி வைத்தால் இடத்தை அடைக்கும். சின்னக் கருவிகளில் அந்த முகவரியைச் சுருக்கி மடித்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது விரித்துக்கொள்கிற ஒரு வழியை நான் செய்தேன். போன வருஷ வெளியீட்டிலேயே அது சேர்ந்துவிட்டது. எப்படிச் செய்வது என்று ஒரு கட்டுரையும் எழுதினேன். அதைப் பார்த்து வெளியாட்களும் தங்கள் நிரல்களில் மடிக்கத் தொடங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது, மறைப்பானேன்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. உறவுக்காரர் ஒருவர் வேலையை இன்னொருவர் பார்த்துச் ‘சரி’ சொல்லக் கூடாது. நியாயமான விதி. நாங்கள் அதை இழுத்து இன்னும் நீட்டிவிட்டோம். கல்யாணமான புதிதில், சோறு போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அவர் என் நிரலில் ஒரு ஓட்டை இருப்பதாகச் சொன்னார். நான் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவள், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு வீட்டுக்குள் நத்தைப் பேச்சே கிடையாது. அவர் முன் அறையில், நான் பின் அறையில், நடுவில் சமையலறை. அங்கே மீன் விலை பேசுவோம், வானூர் சந்தைக்கு யார் போவது என்று பேசுவோம். அவர் எழுதிய கலெக்டரைப் பற்றி மற்றவர்கள் விவாதித்த பக்கத்தை நான் ஒருநாளும் திறந்ததில்லை. அதில் எங்கள் இருவருக்குமே ஒரு பெருமை இருந்தது.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு முன் அறைக்கு வந்தேன். அவர் காதில் ஹெட்போன். வெளியீட்டுப் பொறுப்பாளர் ஜெயப்ரியா ஜெர்மனியில் இருந்தாள். கடைசி நாள் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது.

“கண்ணாயிரம் அண்ணன் கூப்ட்டாரு. போயிட்டு வர்றேன்.”

திரும்பாமல் கட்டைவிரலைக் காட்டினார். எதற்குக் கூப்பிட்டார் என்று நானும் சொல்லவில்லை. பெட்டி மோட்டாரை நிறுத்தவில்லை என்று சொன்னால் அதுவும் நத்தைப் பேச்சுதானே.

உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. அண்ணன் மோட்டார் கொட்டகை வாசலில் நின்றிருந்தார், கையில் மோட்டாரிலிருந்து பிடுங்கிய ஃபியூஸ். வாருகிற பெண்களில் மூத்தவரான சின்னப்பாப்பா கடைசிப் பாத்திக்குள் உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். நேற்று அந்தப் பாத்தி முழுக்க வெள்ளை. இன்று கலங்கிய தண்ணீர்.

“நேத்து சாயங்காலம் பாத்துட்டுத்தான் போனேன், யம்மா” என்றார் சின்னப்பாப்பா. “இந்நேரம் பாதி வாரி முடிச்சிருப்போம்.”

அண்ணன் வருகிற கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். “உன் ஊட்டுக்காரரு பொட்டிய மாட்டும்போது என்னா சொன்னாரு? தண்ணி அளவ அதுவே பாத்துக்கும், மோட்டார அதுவே நிறுத்திடும், நீங்க நிம்மதியா தூங்குங்கன்னாரு. தூங்குனேன்.”

“தப்புதாண்ணா. என்னான்னு பாத்துடறேன்.”

“பாரு. பாத்து எனக்கு ஒண்ணும் ஆவப் போறதில்ல. ஆனா பாரு.”

அந்தப் பெட்டி நாங்கள் அவருக்குச் சும்மா செய்து கொடுத்தது. எங்களுக்கும் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. புதிய கலெக்டரோடு சேர்ந்த நத்தையை ஜெயசீலன் இரண்டு வாரம் முன்புதான் அதில் ஏற்றியிருந்தார். அதுவரை பெட்டி ஒருநாளும் தவறியதில்லை.

கொட்டகைக்குள் ஒரு உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்தேன். அணைக்காமல், இருந்த நிலையிலேயே அதன் நினைவகத்தைப் பிரதி எடுத்தேன். முதலில் தண்ணீரை அளக்கும் கருவிதான் துருப்பிடித்திருக்கும் என்று நம்பினேன். நம்ப ஆசைப்பட்டேன். கருவி நன்றாகவே இருந்தது. அது அளந்து சொன்ன தண்ணீர் மட்டம் நினைவகத்தில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதைக் கலெக்டர் வாரியிருந்தது, அந்த இடத்தில் வேறு ஏதோ குப்பை இருந்தது. பெட்டி அந்தக் குப்பையைப் படித்துவிட்டுத் தண்ணீர் இன்னும் ஏறவில்லை என்று நினைத்து மோட்டாரை ஓட விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வேலை முடியாத பொருளைக் கலெக்டர் ஏன் வாரியது? அந்தப் பொருளின் முகவரியை யார் வைத்திருக்கிறார்கள் என்று தேடினேன். பெட்டியின் நிரல் வைத்திருந்தது, மடித்து. என் மடிப்பு. ஜெயசீலனின் கலெக்டர் முழு முகவரிகளை மட்டுமே முகவரி என்று பார்த்தது. மடித்து வைத்ததை வெறும் எண் என்று நினைத்து, இந்தப் பொருளை யாரும் வைத்திருக்கவில்லை என்று முடிவு செய்து வாரிப் போட்டுவிட்டது. பெரிய கணினிகளில் நான் மடிப்பதே இல்லை, அதனால் அங்கே ஓட்டிய சோதனைகளில் இது எட்டிப் பார்க்கவே இல்லை. சின்னப் பெட்டியில்கூட நினைவகம் நிறைந்து நெருக்கும்போதுதான் நடக்கும்.

இதை யாருமே கேட்கவில்லையா? அதுவரை திறக்காத அந்த விவாதப் பக்கத்தைத் திறந்தேன். கேட்டிருந்தார்கள். எங்கள் குழுவின் அரவிந்தன், ஜெயசீலனின் வேலையைச் சரி பார்த்த இருவரில் ஒருவர், ஐந்து மாதம் முன்பே எழுதியிருந்தார்: ‘மடித்த முகவரிகளை இது எப்படிக் கையாளும்?’ அடுத்த வரியில் அவரே: ‘சரி, விடுங்கள். ஜெயசீலனும் மலர்கொடியும் ஒரே வீடு. இதைப் பேசாமலா இருந்திருப்பார்கள்.’ அதற்குக் கீழே நாலைந்து பேரின் சிரிப்பு முகங்கள். அதற்கும் கீழே என் கணவர்: ‘மலர்கொடி தரப்பில் ஆட்சேபம் எதுவும் இல்லை.’

ஆட்சேபம் இல்லையாம். என்னிடம் கேட்டால் அல்லவா ஆட்சேபம் வரும். உலகத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டியும் வேலையைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசிக்கொள்வார்கள் என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். பேசாமலிருப்பதை ஒரு விரதமாகப் பிடித்திருந்த இரண்டு பைத்தியங்கள் மரக்காணத்தில் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் எரிச்சல் வந்தது, என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

கடைசி நாளில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. எடுக்கலாம், அணைக்கலாம். அவரவர் வேலையை அவரவர் யாரையும் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். மடிப்பை அணைப்பதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. அணைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி ஓட்டினேன். நினைவகத்தை வேண்டுமென்றே நெருக்கும் ஒரு சின்ன நிரலையும் எழுதி ஓட்டினேன். அண்ணன் ஃபியூஸைப் போட்டார். தண்ணீர் ஏறியது, மோட்டார் நின்றது. இறங்கியது, ஓடியது. மறுபடி நின்றது.

“இப்ப நிக்குதே” என்றார் அண்ணன்.

“நிக்குதுண்ணா.”

வழி கிடைத்துவிட்டது. என் மடிப்பை நானே எடுத்துக்கொண்டால் அவருடைய மூன்று வருஷம் தப்பிக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவருக்கே தெரியாமல் போகலாம். ‘தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த வெளியீட்டில் மடிப்பை அணைத்து வைக்கிறேன்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு இதமாகக்கூட இருந்தது. ஒருவருக்காகச் சொல்லாமல் ஒன்றை விட்டுக்கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, என்னைப் போன்ற கோபக்காரிகளுக்கு அது அடிக்கடி கிடைப்பதில்லை.

அனுப்பப் போன நேரத்தில் வெளியாட்கள் ஞாபகம் வந்தது. நத்தைக்குள் இருக்கும் என் மடிப்பைத்தான் நான் அணைக்க முடியும். என் கட்டுரையைப் படித்துவிட்டுத் தங்கள் நிரல்களில் தாங்களே மடித்துக்கொண்டவர்களை என்ன செய்வது? புதிய கலெக்டர் அவர்கள் பொருளையும் வாரும். எத்தனை பேர் என்று தேடினேன். மூன்று நிரல் தொகுப்புகள் உடனே கிடைத்தன. அதில் ஒன்றின் முகப்பில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நோயாளிக்கு ஏறும் மருந்தை அளந்து அளந்து விடுகிற பம்ப் செய்கிறவர்கள். ஒவ்வொரு வெளியீடும் வந்த வாரமே மாறிவிடுவோம் என்றும் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

கொட்டகை வாசல் வழியாகப் பாத்தியைப் பார்த்தேன். மோட்டார் நிற்காததால் உப்பு போயிருந்தது. அந்தப் பம்ப் நிற்காவிட்டால் என்ன போகும் என்பதை யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. எழுதியதை அழித்தேன். விட்டுக்கொடுத்த சுகமும் அதோடு போய்விட்டது. அது நல்ல காரியமே இல்லை, பூசி மெழுகுகிற காரியம்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஜெயசீலன் இன்னும் கூட்டத்தில் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். கையால் ‘அப்புறம்’ என்று காட்டினார். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

“மலரு, மீட்டிங்ல இருக்கறேன்.”

“மியூட் போடுங்க.”

என் குரலைக் கேட்டுப் போட்டார்.

“அண்ணனோட மோட்டார் நிக்கல. மூணு பாத்தி கரைஞ்சி போச்சி. உங்க கலெக்டருக்கு நான் மடிச்சி வெக்கற முகவரி முகவரின்னே தெரியல. வேலையில இருக்கற பொருள வாரிப் போட்டுடுது.”

மடிக்கணினியை அவர் முன் திருப்பி வைத்தேன். அவர் சட்டென்று புரிந்துகொள்கிற ஆள், அதற்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன். திரையில் இரண்டு இடங்களைத்தான் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“உன் மடிப்ப ஆஃப் பண்ணிடு.”

நானே கொடுக்க இருந்ததுதான். ஆனால் அவர் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“பண்ணிப் பாத்துட்டேன். நம்ம பொட்டி ஓடும். வெளிய மடிக்கறவங்கள என்னா பண்றது?”

“வெளிய யாரு மடிக்கறாங்க?”

மருந்து பம்ப்காரர்களின் பக்கத்தைக் காட்டினேன். படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

“அவங்க டெஸ்ட் பண்ணாமலா போடுவாங்க?”

“நாம பண்ணலியா?”

“ஒரு மாசம் குடு மலரு. இன்னிக்கு வெளியீடு போவட்டும். அடுத்த மாசமே திருத்தம் ஒண்ணு விட்டுடறேன். எனக்கு வழி தெரியுது, செய்யலாம் இத.”

“அந்த ஒரு மாசத்துல எவன் கட்டில்ல பம்ப் நிக்காம ஓடுதுன்னு யாருங்க பாத்துக்கினு இருப்பா?”

“நீ இதுல பேசவே கூடாது. ரூல் இருக்குது.”

“சரின்னு சொல்லக் கூடாதுன்னுதான் ரூல். வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதல.”

உண்மையாகவே எழுதவில்லை. வீட்டு மனுஷரை ஊரறிய எதிர்ப்பார்கள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “மூணு வருஷம், மலரு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபமாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

குழுவின் பக்கத்தில் எழுதினேன். ‘புதிய கலெக்டரை இந்த வெளியீட்டில் சேர்ப்பதை எதிர்க்கிறேன். மடித்த முகவரி உள்ள பொருட்களை அது வாரிவிடுகிறது. உப்பளத்தில் ஒரு மோட்டார் நிற்காமல் ஓடியது. ஓட்டிப் பார்க்க நிரல் கீழே. மலர்கொடி.’ அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது தெருவில் யாரோ சைக்கிளில் மீன் விற்றுக்கொண்டு போனார்கள்.

ஜெயப்ரியா உடனே கூப்பிட்டாள். வானூர்ப் பெண், எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும்.

“மலர், என்னடி இது. உன் நிரல இங்க ஓட்டிப் பாத்தேன், எனக்கு ஒண்ணும் ஆவல.”

“பெரிய மெஷின்ல ஆவாது. சின்னப் பொட்டியில ஓட்டணும்.”

“எங்கிட்ட பொட்டி இல்ல. எதிர்ப்புன்னா ரெண்டாவது ஆள் ஒருத்தர் தன் கையால ஓட்டிப் பாத்து ஆமான்னு சொல்லணும். அது ஒனக்கே தெரியும்.”

தெரியும். முன்பு ஒருவன் வீம்புக்கு எதிர்ப்பு எழுதி ஒரு வெளியீட்டையே வாரக்கணக்கில் இழுத்தடித்தான். அதற்குப் பிறகு வந்த விதி. ஒருவரின் சொல் போதாது.

“அரவிந்தன்கிட்ட பொட்டி இருக்குது” என்றேன்.

“அவரு ஃபிளைட்ல இருக்கறாரு. எறங்க ராத்திரி ஆயிடும். எல்லா நாட்டுலயும் ஆளுங்க காத்துக்கினு இருக்கறாங்க, ஆறு மணிக்கு ரெண்டாவது ஆள் இல்லன்னா நான் வெளியீட்ட விட்டுத்தான் ஆவணும். ஒனக்காக நிறுத்தினேன்னா நாளைக்கு யார் வேணும்னாலும் வந்து நிறுத்துவான்.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். “ஜெயசீலன்கிட்ட பொட்டி இருக்குதில்ல? பக்கத்து ரூம்தானே? நீங்க ரெண்டு பேரும் இதப் பேசிக்கவே இல்லியா?”

“இப்பதான் பேசினோம்” என்றேன். அவளுக்கு அது புரிந்திருக்காது.

போனை வைத்தேன். மருந்து பம்ப் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பினேன். அலுவலகம் திங்கள்கிழமை திறக்கும் என்று தானாக ஒரு பதில் வந்தது. அவர்களையாவது எனக்குத் தெரியும். என் கட்டுரையைப் படித்துவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் மடித்துக்கொண்டவர்கள் எந்த ஊரில் எந்தக் கருவியில் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்.

கண்ணாயிரம் அண்ணன் பெட்டியில் நானே இன்னொரு முறை ஓட்டிக் காட்டலாம். அது என் கைதான், செல்லாது. குழுவில் அந்தச் சின்னப் பெட்டி வைத்திருந்தவர்கள் நான், அரவிந்தன், ஜெயசீலன். ஜெயசீலனின் பெட்டி அவர் மேசை மேல், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. போய்க் கேட்கலாமா என்று எழுந்தேன். கதவுக் கைப்பிடி வரைக்கும் போனேன். என்னவென்று கேட்பது? மூன்று வருஷம் எழுதியதை நீங்களே உங்கள் கையால் அறுத்துப் போடுங்கள் என்றா? எதிர்ப்பதற்கு எனக்கு உரிமை இருந்தது. இதைக் கேட்பதற்கு இல்லை என்று தோன்றியது. அல்லது அவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லோடு அதற்குப் பிறகு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்கிற பயம். பயம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

முன் அறையில் சத்தமே இல்லை. கீபோர்டு சத்தம்கூட இல்லை. திரையில் ஜெயப்ரியா எழுதினாள்: ‘எதிர்ப்புக்கு இதுவரை உறுதி வரவில்லை. வெளியீட்டு வேலையைத் தொடங்குகிறேன்.’ யாரோ கைதட்டும் படம் போட்டார்கள். யாரோ ஜெயசீலனுக்கு வாழ்த்து சொன்னார்கள். எனக்கு எழுந்து போய் ஜெயப்ரியாவின் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. அவள் இருந்தது ஜெர்மனியில்.

அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். மோட்டாரை நிறுத்தச் சொல்லும்போது பெட்டிக்குள் இருக்கும் ரிலே சுவிட்ச் போடுகிற சத்தம். மேசைப் பெட்டியோடு மோட்டாரும் தண்ணீரும் கிடையாது, நிரல் கொடுக்கும் பொய் மட்டத்துக்கு ரிலே மட்டும் அடிக்கும். மறுபடி ‘டக்’. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. என் நிரலை ஓட்டுகிறார்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டுகிறார் என்றால் ஒப்புக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தமில்லை. என் நிரலில் பிழை கண்டுபிடித்து எதிர்ப்பை உடைக்கவும் ஓட்டலாம். அவர் இடத்தில் நான் இருந்தால் முதலில் அதைத்தான் செய்வேன். டக், டக் என்று ஒழுங்காகவே அடித்துக்கொண்டிருந்தது. நினைவகம் நெருக்க வேண்டிய நேரம் தாண்டியும் அடிப்பது போல் எனக்குத் தோன்றியது. அவர் பெட்டியில் வராமல் போய்விடுமோ என்று பயந்தேன். உடனே, வராமல் போய்விடட்டும், நான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் நின்றது.

அடுத்த ‘டக்’குக்குக் காத்திருந்தேன், அது வந்தால்தான் பெட்டி மோட்டாரை நிறுத்தியதாக அர்த்தம். வரவில்லை. முன் அறையில் நாற்காலி நகர்ந்தது. கீபோர்டு கொஞ்ச நேரம் ஓடியது, நிறுத்தி, அழித்து, மறுபடி ஓடியது. பிறகு என் திரையில் அந்த வரி வந்தது.

‘என் பெட்டியிலும் ஓட்டினேன். அது மோட்டாரை நிறுத்தச் சொல்லவில்லை. எதிர்ப்பை இரண்டாவது ஆளாக உறுதி செய்கிறேன். புதிய கலெக்டரை வெளியீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மலர்கொடிக்கு ஆட்சேபம் இல்லை என்று நான் முன்பு எழுதியது தவறு. நான் அவளைக் கேட்கவே இல்லை. ஜெயசீலன்.’

ஜெயப்ரியா ‘நிறுத்திவிட்டேன்’ என்று எழுதினாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு முன் அறைக்குப் போனேன். அவர் பெட்டியின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் கிடந்த ஹெட்போனுக்குள் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“சென்னையில வீடு பாக்கணும்” என்றார்.

“பாப்போம்.”

“அரவிந்தன் கேட்டப்பவே நான் ஒன்னக் கேட்டிருக்கணும். சமையல் ரூம் வரைக்கும் வந்தேன். நீ எதயோ தாளிச்சிக்கினு இருந்த. நமக்குள்ள இது வேணாம்னு திரும்பிப் போயிட்டேன்.”

“கேட்டிருந்தா நான் சண்டதான் போட்டிருப்பேன்” என்றேன். உண்மை அதுதான்.

“போட்டிருக்கலாம்” என்றார் அவர். “இந்நேரம் சண்ட முடிஞ்சி போயிருக்கும்.”